ஃப்ராக்டோகிராஃபி – முறிவுப் பரப்பியல்

முறிந்த பொருளின் முகத்தைப் பார்த்து, விரிசல் எங்கே தொடங்கியது, எப்படி வளர்ந்தது, ஏன் முறிந்தது என்று கண்டறியும் துறை ஃப்ராக்டோகிராஃபி. லத்தீனில் ‘ஃப்ராக்டுஸ்’ என்றால் உடைந்தது; கிரேக்க வழி வந்த ‘கிராஃபி’ எழுதுதலைக் குறிக்கும். இரண்டையும் சேர்த்து 1944-இல் இச்சொல்லை ஆக்கியவர் அமெரிக்க உலோகவியலர் கார்ல் சாப்ஃபே. சொல்தான் புதிது, பிரான்சின் ரியோமூர் 1722-லேயே இரும்பு, எஃகின் முறிமுகங்களை வகைப்படுத்திவிட்டார்.

தமிழில் ‘உடைவியல்’ எனலாம்தான். ஆனால் துணிமணி பற்றிய படிப்பு போல ஒலிக்கிறது. ‘விரிசல்’ முறிவுக்கு முந்தைய நிலை, பட்டறையில் ‘ஏர் கிராக்’ (ஹேர் கிராக், மயிரிழை விரிசல்) என்கிறார்களே, அது. ‘பிளவு’ என்ற சொல் படிகத்தளம் வழியே பிளப்பதற்குத் தனியாக வேண்டும். எலும்பு முறிவு என்று எல்லோர் வாயிலும் பழகிய ‘முறிவு’ இருக்க, முறிவுப் பரப்பியல் என்பதே சரி. பிட்டர், உலோகவியலர், நுண்ணோக்கி இயக்குபவர் மூவரும் சேர்ந்து செய்யும் ஆய்வு இது; மூவருக்கும் புரியும் சொல்லாக இருக்க வேண்டும்.

ராணிப்பேட்டை டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றில் டிரம்மைச் சுழற்றும் ஷாஃப்ட் ‘கட் ஆகிவிட்டது’ என்று வைத்துக்கொள்வோம். சாவிக்காடியின் (ஷாஃப்ட்டில் ‘கீ’ உட்காரும் பள்ளம்) கூர்மூலையில் தொடங்கி, கடற்கரையில் அலை விட்ட தடம் போல வளைவளைவாகக் கரைக்கோடுகள் பரவியிருந்தால் அது களைப்பு முறிவு, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கியதால் வந்த முறிவு. கடைசியில் சட்டென்று முறிந்த சொரசொரப்பான பகுதி சிறியதாக இருந்தால் சுமை குறைவு, பெரியதாக இருந்தால் சுமை அதிகம் என்று கொள்ளலாம். மின்னணு நுண்ணோக்கியில் இன்னும் நுணுகிய வரிகள் தெரியும். பெரும்பாலும் ஒரு சுமைச்சுற்றுக்கு ஒரு வரி. ஒரு கரைக்கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். நீட்சியோடு முறிந்திருந்தால் குழிவுகள். நீளாமல் சட்டென்று முறியும் நொறுங்குமுறிவில் ஆற்றுக்கோலம்: பொன்னையாறு பாலாற்றில் சேர்வது போலக் கிளைகள் கூடும் திசையே விரிசல் ஓடிய திசை.

நுண்ணோக்கிக்கு வருமுன்பே பாதித் தடயம் அழிந்துவிடுவதுதான் வழக்கமான சிக்கல். இரு துண்டுகளையும் ஒட்டிப் பொருத்திப் பார்த்தால் வரிகள் நசுங்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள் கூடவே கூடாது. விரல் பட்டாலே துரு பிடிக்கும். டேனரியில் உப்பு ஈரம் வேறு. படம் எடுத்துவிட்டு, உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் மூடி வைக்க வேண்டும். வெட்ட நேர்ந்தால் முறிமுகத்திலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளி, சூடேறாமல் வெட்ட வேண்டும். வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் நீரும் முகத்தில் படக்கூடாது.

துருவைக் கண்டதும் கழுவ வேண்டாம். அதில் குளோரின் உண்டா, கந்தகம் உண்டா என்று எக்ஸ்-கதிர் பகுப்பாய்வில் பார்த்த பிறகே அசிட்டோனில் மீயொலித் தொட்டி. அதற்கும் போகாத அழுக்கை அசிட்டோனில் இளக்கிய செல்லுலோஸ் அசிடேட் நாடாவை ஒட்டி, காய்ந்ததும் உரித்து எடுக்கலாம். உரித்த நாடாவை எறியாதீர்கள். ஒட்டிவந்த அழுக்கையும் பகுத்துப் பார்க்கலாம்.