நாலு பேர், ஒரு டவுன் பஸ்

மனநல மறுவாழ்வு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முப்பது பேரை வேனில் ஏற்றி மெரினாவுக்குக் கூட்டிப்போனோம். பெண்களுக்கெல்லாம் ஒரே நிற நைட்டி. வரிசையாக நடக்கச் சொன்னோம். சுண்டலை நாங்களே மொத்தமாக வாங்கி, தலையை எண்ணிக் கொடுத்தோம். கடலைப் பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். வார்டை அப்படியே மணலுக்குக் கொண்டுபோயிருந்தோம், அவ்வளவுதான்.

இப்போது நாலு பேருக்கு மேல் கூட்டிப்போவதில்லை. டவுன் பஸ்தான். அவரவர் துணி, அவரவர் கையில் நூறு ரூபாய். சீருடையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பொழுதுபோக்கு வசதியும் அதே பிரிவு தரும் உரிமைதான். நாம் காட்டும் தயவு இல்லை.

மனச்சிதைவு நோயோடு பத்து வருஷத்துக்கு மேல் உள்ளேயே இருந்த ஒரு அக்கா ஒரு நாள் எங்களோடு வந்தார். டிக்கெட்டுக்குக் காசை நீட்டினார். கண்டக்டர் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். "என்னைப் பைத்தியம்னு தெரிஞ்சுதான் காசு வாங்கலையா?" என்று என் காதில் கேட்டார். 2021இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்றேன். நம்பவில்லை. அடுத்து ஏறிய பெண்ணிடமும் கண்டக்டர் காசு வாங்காததைப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது. பூக்காரம்மா மீதி கொடுத்த நீல நிற ஐம்பது ரூபாய் நோட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது செல்லுமா?" என்றார். இதையே வார்டுக்குள் கேட்டிருந்தால் கேஸ் ஷீட்டில் 'சந்தேகம்' என்று நானே எழுதியிருப்பேன். பத்து வருஷம் கடைவாசல் மிதிக்காத யாரும் கேட்கிற கேள்விதானே! நோய் எது, பூட்டிய கதவு செய்த வேலை எது என்று வெளியே வந்தால்தான் பிரித்துப் பார்க்க முடிகிறது.

வெயில் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைக் குறைக்கும். உடம்புச் சூடு இறங்காது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் சாப்பிடுபவருக்கு உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி வாந்தி, தள்ளாட்டம் வரும். மனச்சிதைவுக்குக் குளோர்ப்ரோமசின் சாப்பிடுபவரின் தோல் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும். அதனால் நாலு மணிக்கு மேல்தான் கிளம்புவோம்; தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று. வெளியே போகிறோமே என்று மாத்திரையை நிறுத்தவே கூடாது. கூட்டத்தில், நோயால் காதுக்குள் கேட்கும் குரல்கள் அதிகமாகி ஒருவர் தவித்தால், ஒரு பணியாளர் அவரோடு திரும்பிவிடுவார். மற்றவர்கள் சுண்டலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டாம். படம் எடுத்து முகநூலில் போடுவதில்லை. நன்கொடையாளர் கேட்டாலும் சரி.

அடுத்த மாதம் அந்த அக்காவிடம், "பீச்சுக்குப் போலாமாக்கா?" என்றேன்.

"மணல்ல என்ன இருக்கு? தி.நகர் போலாம். உள்பாவாடை வாங்கணும்."

போனோம். மூன்று கடை ஏறி இறங்கினார். எனக்குத்தான் கால் வலி.