பிரவுசரை மாற்றுங்கள், எதற்கு என்று தெரிந்துகொண்டு

சிறு நிறுவனங்களின் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலைகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். சமீபத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் அழாத குறையாக வந்து நின்றார். அவர் வேறு வேலை தேடுவது மேலாளருக்குத் தெரிந்துவிட்டதாம். "பிரேவ்லதான் சார் பார்த்தேன், அதுவும் பிரைவேட் விண்டோல. எப்படித் தெரிஞ்சுது?" பிரேவ் என்பது குரோம், ஃபயர்பாக்ஸ் போல ஒரு பிரவுசர். இதே கேள்வியை வெவ்வேறு அலுவலகங்களில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அலுவலக நெட்வொர்க்கைக் காவல் காக்கும் ஃபயர்வாலின் பதிவேட்டிலிருந்துதான் தெரிந்தது. அலுவலக இணைப்பு வழியாக நீங்கள் எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பது அதில் பதிவாகும். பக்கத்துக்குள் என்ன படித்தீர்கள் என்பது பொதுவாகத் தெரியாது. ஆனால் வேலைவாய்ப்புத் தளத்தின் பெயர் தெரிந்தாலே போதுமே!

பிரைவேட் விண்டோ, இன்காக்னிட்டோ, எந்தப் பெயரில் இருந்தாலும் அதன் முக்கிய வேலை ஒன்றுதான். மூடியதும் ஹிஸ்டரியையும் குக்கீகளையும் (உங்களை அடையாளம் காணத் தளங்கள் வைக்கும் சிறு கோப்புகள்) உங்கள் கருவியிலிருந்து அழிக்கும். அடுத்து அதே கம்ப்யூட்டரில் உட்காருபவருக்கு நீங்கள் பார்த்தது தெரியாது. அவ்வளவுதான். அலுவலகத்துக்குத் தெரியும். வீட்டில் இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குத் தெரியும். போன தளத்துக்கும் தெரியும். லாகின் செய்தால் உங்கள் பெயரோடு தெரியும். டவுன்லோட் செய்த கோப்பு அப்படியே கிடக்கும். இதில் பாதியை அந்த விண்டோ திறந்ததும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு முறையாவது படியுங்கள். இன்காக்னிட்டோவிலும் தரவு சேகரிக்கிறார்கள் என்று அமெரிக்காவில் கூகுள் மீது 2020-இல் வழக்குப் போட்டார்கள். 2024-இல் சமரசம் ஏற்பட்டு, பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பிரேவில் டோர் (பல கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றிப்போய், போகும் இடத்தை மறைக்கும் நெட்வொர்க்) வழியாகப் போகும் விண்டோவும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் போனால் தளத்தின் பெயர் எங்களுக்குத் தெரியாது, டோர் ஓடுவது தெரிந்துவிடும். அடுத்து உங்கள் மேசைக்குத்தான் வருவோம். சொந்த விஷயத்தைச் சொந்த போனில், சொந்த டேட்டாவில் பாருங்கள்.

சரி, அப்படியானால் குரோமிலிருந்து பிரேவுக்கோ ஃபயர்பாக்ஸுக்கோ எதற்கு மாற வேண்டும்? தளம் தளமாக உங்களைப் பின்தொடரும் விளம்பர டிராக்கர்களைத் தடுக்க. அது சின்ன விஷயமில்லை. ஃபயர்பாக்ஸ் 2022 முதல் ஒரு தளம் வைக்கும் குக்கீயை இன்னொரு தளத்தில் படிக்கவிடாமல் தானாகவே பிரித்து வைக்கிறது. பிரேவ் டிராக்கர்களைத் தொடக்கத்திலேயே தடுக்கிறது. மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நீங்கள் திறந்த தளம் அல்லாமல் விளம்பர நிறுவனம் போன்ற வேறொருவர் வைப்பவை) இரண்டு ஆண்டுகளில் நிறுத்துவோம் என்று 2020-இல் சொன்ன கூகுள், தள்ளிப்போட்டுக்கொண்டே போய் 2024-இல் குரோமில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மாறச் சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் எந்தப் பிரவுசரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சில கிரிப்டோ தளங்களின் முகவரியை டைப் செய்தால் பிரேவ் தனக்குக் கமிஷன் கிடைக்கும் குறியீட்டையும் முகவரியில் சேர்த்து நிரப்புவது 2020-இல் தெரியவந்தது. அதன் தலைவர் பிரெண்டன் ஐக் மன்னிப்புக் கேட்டார், அதைச் சரிசெய்தார்கள்.

எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள், இதைவிட ஆபத்து. வைரஸிலிருந்து காப்பாற்றுவதாகச் சொன்ன அவாஸ்ட், தன் மென்பொருள், எக்ஸ்டென்ஷன் வழியாக மக்களின் பிரவுசிங் விவரங்களைச் சேகரித்து விற்றது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. விளம்பரத் தடுப்புக்கு ஒன்று போதும். கூப்பன் தேடித் தருவது, வீடியோ இறக்குவது எல்லாவற்றையும் இன்றே நீக்குங்கள்.

பிரவுசரை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். விளம்பரத்தில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தேடுபொறியையும் மாற்றுங்கள். வங்கித் தளம் திறக்கவில்லை என்றால் முகவரி சரியா என்று முதலில் பாருங்கள். சரி என்றால் அந்தத் தளத்துக்கு மட்டும் டிராக்கர், விளம்பரத் தடுப்பை அணையுங்கள். பயந்துபோய் மொத்தமாக அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். போலித் தளத்தில் நீங்களே ஓடிபி டைப் செய்தால் எந்தப் பிரவுசரும் காப்பாற்றாது.

அப்புறம், நான் அடிக்கடி பார்த்துப் பதறும் விஷயம் ஒன்று. பழைய பிரவுசரிலிருந்து பாஸ்வேர்டுகளை எடுத்துப் புதியதில் ஏற்ற ஒரு சிஎஸ்வி கோப்பு உருவாக்கியிருப்பீர்கள். அதில் உங்கள் பாஸ்வேர்டு ஒவ்வொன்றும் பூட்டே இல்லாமல் எழுத்தில் இருக்கிறது. எக்செல்லில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, பாஸ்வேர்ட்ஸ் என்று பெயரிட்ட கோப்பு கிடந்தால் அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ உங்களுக்கே அனுப்பி வைத்திருந்தால் அங்கும் அழித்துவிட்டு, வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள்.