வருமான ஏற்றத்தாழ்வும் பக்கத்து வீட்டு அளவுகோலும்

ஆலன் மெல்ட்சரும் ஸ்காட் ரிச்சர்டும் 1981-இல் முன்வைத்த ஒரு கணக்கு பொருளியல் வகுப்புகளில் இன்றும் நடத்தப்படுகிறது. பெரும் பணக்காரர்களின் வருமானம் நாட்டின் சராசரியை உயர்த்திவிடுவதால் வாக்காளர்களில் பெரும்பாலோர் அந்தச் சராசரிக்குக் கீழேயே இருப்பார்கள் என்றும், ஆகவே வாக்குரிமை உள்ள நாட்டில் அவர்கள் மேல்தட்டினர்மீது கூடுதல் வரி கேட்பார்கள் என்றும் அது சொல்கிறது. இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடு 2022-23-இல் உச்சியிலிருந்த ஒரு விழுக்காட்டினரைச் சேர்ந்தது என்பது உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் மதிப்பீடு. ஆயினும் பெரும் சொத்துள்ளோர் கட்டிவந்த செல்வ வரி 2015-இல் நீக்கப்பட்டபோது வேலூர் டீக்கடைகளில் அது பேச்சாக எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

மக்களுக்கு அக்கறையில்லை என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. குடியாத்தம் பக்கம் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஏஜெண்டிடம் இலையும் தூளும் வாங்கிவந்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுற்றிக் கொடுக்கும் அவர் அன்றாடம் காண்பது, கழிவென்று சில பீடிகளை ஒதுக்கிவிடும் ஏஜெண்டையும், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும்தான். பீடி நிறுவனத்தின் உரிமையாளர் அவர் கண்ணில் படுவதேயில்லை. வருமானத்தை மனிதர்கள் நாட்டின் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடுவதில்லை. தெருவோடும் சொந்தக்காரர்களோடும் ஒப்பிடுகிறார்கள். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் பெருநகரப் பகுதியில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழைகளில் பலர் தம்மை உண்மை நிலையைவிட மேலேயும், வசதியுள்ளோரில் பலர் கீழேயும் வைத்துக்கொண்டது தெரியவந்தது. தாம் நினைத்ததைவிடக் கீழே இருப்பதை அறிந்தவர்கள், உள்ளவரிடம் எடுத்து இல்லாதவருக்குத் தரும் மறுபங்கீட்டைக் கூடுதலாக ஆதரித்தார்கள்.

அளவுகோல் அருகிலேயே இருப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அமெரிக்காவில் 2014-இல் வெளியான பரிசோதனைகளில், பண அளவின்படி வரிசைப்படுத்தப்பட்டவர்களிடம், தனக்கு மேலே இருப்பவருக்கோ கீழே இருப்பவருக்கோ பணம் தரலாம் என்றபோது, கீழே இருப்பவருக்குத் தரத் தயங்கியவர்களில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தவரே முன்னால் நின்றார். கொடுத்தால் தானே கடைசியாகிவிடுவோம் என்ற அச்சமே காரணம். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைவிடச் சற்றே அதிகம் வாங்குவோர் அதை உயர்த்துவதை மற்றவர்களைவிட அதிகமாக எதிர்த்ததையும் அதே ஆய்வு காட்டியது.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-இல் எழுதிய விளக்கம் எனக்கு இவற்றைவிட ஆழமானதாகப் படுகிறது. சுரங்கப் பாதைக்குள் இரண்டு வரிசை வண்டிகளும் நின்றுபோயிருக்கையில் பக்கத்து வரிசை நகர்ந்தால், நமக்கும் வழி பிறக்கும் என்று முதலில் மகிழ்வோம். நெடுநேரம் நம் வரிசை மட்டும் அசையாவிட்டால்தான் கோபம் வரும். தோல் தொழிற்சாலைக் கூலியின் மகன் பொறியியல் படித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தால், அந்தத் தெரு முழுவதும் சில ஆண்டுகள் அந்த நம்பிக்கையிலேயே பொறுத்திருக்கும். முன்னேறியவரைத் தம்மில் ஒருவராகக் கருத முடிந்தால்தான் இது நடக்கும் என்றும் ஹிர்ஷ்மன் எச்சரித்தார். சாதியாலும் மதத்தாலும் தெருக்கள் பிரிந்து கிடக்கும் வட ஆற்காட்டு ஊர்களில் ஒரு தெருவின் நம்பிக்கை அடுத்த தெருவை எட்டுவதில்லை. ஒரு தெருவின் கோபமும் அப்படித்தான்.

உண்மையைச் சொல்லிவிட்டால் போதுமா? அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்றத்தாழ்வின் அளவைப் படித்தவர்கள் அதைப் பெரிய சிக்கலென ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எந்தத் திட்டத்தை ஆதரிப்பது என்பதில் அவர்களுடைய கருத்து பெரும்பாலும் மாறவில்லை. அரசின்மீது நம்பிக்கை குறைந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965-இல் சுட்டிய சிக்கலும் இதில் சேர்கிறது: போராட்டத்தின் பலன் எல்லோருக்கும் கிடைக்கும், அன்றைய கூலியை இழப்பவரோ போராடப் போனவர் மட்டும்தான்.

ஆயிரம் பீடிக்கான கூலியை உயர்த்தக் கேட்டு இதே பெண்கள் ஆர்ப்பாட்டத்துக்கு வருவது இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளக்கூடியதே. பீடித் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது மாநில அரசு என்பதால் யாரிடம் கேட்பது என்பது தெரியும், எத்தனை ரூபாய் என்பதும் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்கும் அதே தொகைதான். செல்வ வரியைக் குறித்துக் கேட்பதற்கு இவை மூன்றுமே அவர்களிடம் இல்லை.