பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் படிக்கப்போகிறீர்களா?

மரபுக் கட்டடப் பாதுகாப்பில் முதுநிலைப் படிப்பு படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் பலரும் கையோடு ஒரு படத்தொகுப்பு கொண்டுவருகிறார்கள். பாழடைந்த மாளிகையை எப்படிப் புதுப்பிக்கலாம் என்ற கணினிப் படங்கள். அழகாகத்தான் இருக்கும். அதில் ஒரு படத்தைக் காட்டி, "இந்தச் சுவரில் ஓதம், அதாவது தரை ஈரம், ஏன் ஏறியிருக்கிறது?" என்று கேட்பேன். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதற்குத்தானே படிப்பு. கேள்வியே சலிப்பாகத் தெரிந்தால், இந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூச்சு உதிர்ந்த பழைய செங்கல் சுவர் ஒன்றுக்குச் சிமெண்ட் பூசச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இளநிலையில் எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். சில வருடங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால், பூச்சு பாறை மாதிரி நிற்கிறது, அதன் பின்னால் செங்கல் மாவாகிக் கிடக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் தரையின் ஈரத்தை இழுக்கும், வெளிப்பரப்பு வழியாக அதை ஆற்றிக்கொள்ளும். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். ஈரம் போக்கிடம் இல்லாமல் மேலே ஏறியது. அதில் கரைந்திருந்த உப்பு செங்கலின் துளைகளுக்குள்ளேயே படிகமாகி அதை உடைத்தது. சாந்து எப்போதும் கல்லையும் செங்கல்லையும்விட மென்மையாக இருக்க வேண்டும். உதிர்ந்தால் சாந்து உதிரட்டும், அதை மாற்றிவிடலாம்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல். ஏதென்ஸின் பார்த்தினான் கோவிலில் பழைய கிரேக்கர்கள் பளிங்குக் கற்களை இரும்புப் பிடிகளால் இணைத்து, துரு ஏறாதபடி ஈயத்தால் மூடினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்தவர்கள் ஈயமில்லாமல் இரும்பைப் பதித்தார்கள். இரும்பு துருப்பிடித்து உப்பி, பளிங்கை உள்ளிருந்தே பிளந்தது. பிற்பாடு வந்தவர்கள் அந்தப் பிடிகளைப் பிடுங்கிவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. கட்டடத்தை நேசித்தவர்கள் செய்த சேதம் அது.

இதைத் தனிப் படிப்பாகச் சொல்லித்தர ஆரம்பித்தே அதிக காலம் ஆகவில்லை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1964இல் தொடங்கியது. பழைய கட்டடங்களை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேச நெறிமுறையான வெனிஸ் சாசனம் வந்ததும் அதே ஆண்டுதான். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது அந்தச் சாசனம். படிக்கும்போது எளிதாகத் தெரியும். பாதி சிதைந்த சிற்பத்தின் முன், மீதியை எப்படியாவது முடித்துவிடத் துடிக்கும் உரிமையாளரோடு நிற்கும்போதுதான் அதன் கஷ்டம் புரியும். அப்புறம் 1994இல் நாரா ஆவணம் என்ற இன்னொரு சர்வதேச அறிக்கை வந்து, அசல் என்பது எல்லாப் பண்பாட்டுக்கும் ஒன்றல்ல என்றது. ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள். அங்கே அசல் மரத்தில் இருக்கிறதா, தச்சரின் கையில் இருக்கிறதா? நல்ல வகுப்பில் இதற்குச் சண்டையே நடக்கும்.

கட்டடக்கலை படித்தவர்கள் மட்டும்தான் சேரலாம் என்றில்லை. பல இடங்களில் கட்டுமானப் பொறியியல், தொல்லியல், வரலாறு, வேதியியல் படித்தவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கே சேர்வது? தரவரிசையை விடுங்கள். அங்கே படித்து முடித்த ஒருவரைப் பிடித்து, சுண்ணாம்பு நீற்றியிருக்கிறீர்களா, சாரத்தில் ஏறியிருக்கிறீர்களா, ஒரு கட்டடத்தை முழுக்கக் கையால் அளந்து வரைந்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கொத்தனாரும் தச்சரும் வந்து சொல்லித்தரும் இடமென்றால் தைரியமாகச் சேரலாம். லேசர் அளவீடும் கட்டாயம் வேண்டும். பாரிஸின் நோத்ர தாம் 2019இல் எரிந்தபோது, ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாய்வாளர் சில ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த லேசர் பதிவு மறுகட்டமைப்புக்கு உதவியது. ஆனால் கருவி பரப்பைத்தான் பதிவு செய்யும். தட்டிப் பார்த்தால் கேட்கும் பொள்ளல் சத்தம் அதில் வராது.

சம்பளம் பற்றியும் கேட்பார்கள். கண்ணாடிக் கோபுரம் வரைகிற நண்பர்களைவிடக் குறைவாகவே வரும், ஆரம்பத்தில் நிச்சயமாக.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சுவரில் கை நுழையும் அளவு விரிசல். அஸ்திவாரத்தையே இடித்துக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை ஒட்டினோம். சுவர் அசைந்தால் அவை உடையும். ஒரு வருடம், எல்லாப் பருவமும் கடக்கும்வரை, மாதாமாதம் போய்ப் பார்த்தோம். ஒன்றும் உடையவில்லை. எப்போதோ அசைந்து, எப்போதோ அடங்கிவிட்ட விரிசல் அது. சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிட்டு வந்தோம். கட்டணத்தைப் பார்த்த உரிமையாளர், "ஒரு வருஷமா நீங்க ஒண்ணுமே செய்யலையே" என்றார்.