ஹாகியா சோபியா சர்ச்சுல ஜஸ்டினியன் கட்டின கும்மட்டம் இருபது வருஷத்துல ஏன் விழுந்துச்சு, திரும்பக் கட்டினது ஏன் நிக்குது

எங்க வீட்டு மாடிக்கு கான்கிரீட் போட்டு பத்து நாள்தான் ஆயிருந்துச்சு, அப்பா சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொல்லி மேஸ்திரியை நச்சரிக்க ஆரம்பிச்சுட்டாரு, ஏன்னா கிரகப்பிரவேசத்துக்கு ஜோசியர் குறிச்சுக் குடுத்த தேதி நெருங்கிட்டு இருந்துச்சு. மேஸ்திரி அசையல. “சார், மேல இன்னும் பச்சையா இருக்கு, இப்பப் பிரிச்சா அது என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது”ன்னு சொல்லிட்டு பீடியைப் பத்த வெச்சுட்டாரு. கடைசில தேதிதான் மாறுச்சு.

இதே சண்டை கிட்டத்தட்ட 1500 வருஷத்துக்கு முன்னாடி கான்ஸ்டான்டிநோபிள்ல, அதாவது இன்னிக்கு இஸ்தான்புல்ல நடந்திருக்கு, ஆனா அங்க அவசரப்பட்டது பைசாண்டியப் பேரரசர் ஜஸ்டினியன், அவர்கிட்ட போய் தேதியை மாத்துங்கன்னு சொல்ல யாரால முடியும்?

கதை சுருக்கமா இதுதான். ஜஸ்டினியன் 527ல பட்டத்துக்கு வந்தாரு. 532 ஜனவரில ரதப் பந்தய மைதானத்துல, நீலக் கட்சி பச்சைக் கட்சின்னு ரெண்டா பிரிஞ்சு கிடந்த ரசிகர் கூட்டம் திடீர்னு ஒண்ணா சேர்ந்து ராஜாவுக்கு எதிரா கிளம்பிடுச்சு, “நிக்கா, நிக்கா”ன்னு கத்திக்கிட்டே ஊரைக் கொளுத்தினாங்க, நிக்கான்னா ‘ஜெயி’ன்னு அர்த்தம். ராஜா படையை மைதானத்துக்குள்ள விட்டு அடக்கினாரு, முப்பதாயிரம் பேருக்கு மேல செத்தாங்கன்னு அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுறாரு. அந்தத் தீயில ஊரோட பெரிய சர்ச்சும் சாம்பலாச்சு. சாம்பல் ஆறி நாப்பது நாள் கூட ஆகல, பிப்ரவரி 23ம் தேதி புதுசுக்கு அஸ்திவாரம் போட்டாச்சு. 537 டிசம்பர் 27ல திறப்பு விழா. மொத்தமே ஆறு வருஷத்துக்குள்ள, இன்னிக்கு இருக்கற மாதிரி கிரேன் இல்லாம, சிமெண்ட் இல்லாம, உலகத்துல அதுவரைக்கும் யாரும் கட்டாத மாதிரி ஒண்ணு. அதுதான் ஹாகியா சோபியா.

வேலையைக் குடுத்தது ரெண்டு பேர்கிட்ட, டிராலஸ் ஊர் அந்தீமியஸ், மிலெட்டஸ் ஊர் இசிடோர். ரெண்டு பேரும் கொத்தனார் வேலையில வளர்ந்து வந்தவங்க இல்ல, கணக்கு ஆளுங்க. கண்ணாடியை வளைச்சு சூரிய ஒளியை ஒரே புள்ளில குவிக்கறது எப்படின்னு எழுதினவர் அந்தீமியஸ், ஆர்க்கிமிடிஸ் எழுதினதைப் பாதுகாத்து சரி பார்த்தவர் இசிடோர்.

அந்தீமியஸைப் பத்தி அகத்தியாஸ்ங்கற அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஒரு கதை எழுதி வெச்சிருக்காரு, சொல்லாம போக மனசு வரல. மாடியில குடியிருந்த சீனோன்னு ஒரு வக்கீலோட இவருக்கு வழக்கு, அதுல தோத்துட்டாரு. கோவத்துல கீழ்த் தளத்துல பெரிய பெரிய அண்டாவுல தண்ணியைக் கொதிக்க வெச்சு, அதுக்கு மேல தோல் குழாய் மாட்டி, குழாயோட மறு நுனியை மேல் வீட்டைத் தாங்கற உத்தரத்துல அழுத்திக் கட்டி, நீராவியை ஏத்தி விட்டுட்டாரு. மேல விருந்து நடந்துட்டு இருந்துச்சு, தரை ஆட ஆரம்பிச்சதும் பூகம்பம்னு அலறிக்கிட்டு அத்தனை பேரும் தெருவுக்கு ஓடியிருக்காங்க. இந்தக் கதை எவ்வளவு நிஜமோ, ஆனா பொய் பூகம்பம் காட்டின அதே மனுஷனோட கட்டடத்தை நிஜ பூகம்பம் வந்து பதம் பார்த்துச்சு, அது பின்னாடி.

இப்ப விஷயத்துக்கு வருவோம். கும்மட்டம்னதும் நமக்கு எல்லாம் அதோட எடைதான் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவு கனம் கீழ இறங்குதே எப்படித் தாங்குதுன்னு. கீழ இறங்குற கனம் பெரிய பிரச்சனையே இல்லை, நல்ல கல் தூண் அதை அசால்ட்டா தாங்கும். பிரச்சனை பக்கவாட்டுத் தள்ளு. ஒரு ஏணியை சுவத்துல சாச்சுப் பாருங்க. நெட்டுக்குத்தா சாச்சா ஆள் ஏறினாலும் கால் நகராது, அதையே கொஞ்சம் படுக்கையா சாச்சு ஏறினா கால் பக்கம் சர்ர்னு வழுக்கிட்டு வெளிய ஓடும். ஆள் எடை அதேதான், சாய்வு மட்டும்தான் மாறுச்சு. ஆர்ச்சும் இதே மாதிரிதான், ரெண்டு பக்கமும் இருக்கற செங்கல் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, நான் விழப்போறேன்னு ஒண்ணு சொன்னா பக்கத்துல இருக்கறது பிடிச்சு நிறுத்தி, அந்தத் தள்ளு கைமாறிக் கைமாறி கடைசில ஆர்ச்சோட ரெண்டு காலையும் வெளிப்பக்கமா உதைக்குது. ஆர்ச் எவ்வளவு சப்பையோ உதை அவ்வளவு ஜாஸ்தி. அகலமும் எடையும் அதேயா இருந்து உயரத்தை மட்டும் ரெண்டு மடங்காக்கினா உதை ஏறக்குறைய பாதியா குறையும். இந்த ஒரு கணக்கை மனசுல வெச்சுக்குங்க, மொத்தக் கதையும் இதுலதான் இருக்கு.

ரோம்ல பாந்தியன்னு ஒண்ணு இருக்கு, இதுக்கு நானூறு வருஷம் முன்னாடி கட்டினது, 43 மீட்டர் அகலம், இதைவிடப் பெருசு. ஆனா அது வட்டமான சுவர் மேல உக்காந்திருக்கு, சுவர் 6 மீட்டர் தடிமன், எந்தப் பக்கம் உதைச்சாலும் வாங்கிக்க சுவர் இருக்கு. அந்தீமியஸும் இசிடோரும் கேட்டது வேற, 31 மீட்டர் அகல கும்மட்டத்தை நாலே நாலு தூண் மேல நிறுத்தணும், அதுவும் உள்ள நிக்கறவனுக்கு தூண் இருக்கறதே தெரியக்கூடாது.

நாலு தூண்னா சதுரம், கும்மட்டத்துக்கு அடி வட்டம், சதுரத்து மேல வட்டத்தை எப்படி வைக்கறது? ஒரு சாத்துக்குடியை எடுத்து பாதியா வெட்டி கவுத்து வைங்க. இப்ப மேலேருந்து பார்த்தா வட்டத்துக்குள்ள ஒரு சதுரம் அடங்கற மாதிரி, நாலு பக்கமும் கத்தியை நேரா இறக்கி சீவிடுங்க. சீவின நாலு பக்கமும் அரை வட்டமா, ஆர்ச் மாதிரி தெரியும். அடுத்து அந்த நாலு ஆர்ச்சோட உச்சி எந்த மட்டத்துல இருக்கோ அங்க கத்தியைப் படுக்கையா விட்டு மேல் மூடியை எடுத்துடுங்க. மேல ஒரு முழு வட்டம் கிடைக்கும், கீழ நாலு மூலைல நாலு காலு. மூலைக்கு மூலை நிக்குதே அந்த வளைஞ்ச முக்கோணத் துண்டு, அதுக்குப் பேர்தான் பெண்டென்டிவ். வட்டத்து மேல வர்ற எடையை வழிச்சு நாலு மூலைக்குக் கொண்டு சேர்க்கற புனல் மாதிரி வேலை செய்யுது. இவங்களுக்கு முன்னாடியே சின்ன அளவுல இதைச் செஞ்சிருக்காங்க, இவ்வளவு பெரிய சைஸ்ல துணிஞ்சது இவங்கதான். (நான் நிஜமாவே சாத்துக்குடி வெட்டிப் பார்த்தேன், மூணாவது பழத்துல சரியா வந்துச்சு, ரெண்டு ஜூஸ் ஆயிடுச்சு.)

சரி, எடை மூலைக்கு வந்துடுச்சு, உதை? கிழக்கேயும் மேற்கேயும் பெரிய அரைக் கும்மட்டம் ஒண்ணு ஒண்ணு சாச்சு வெச்சாங்க, அதுக்கு முட்டா இன்னும் சின்ன அரைக் கும்மட்டங்க, படிப்படியா இறங்கற மாதிரி. வடக்கேயும் தெக்கேயும் அந்த வசதி இல்ல, அங்க வெறும் ஆர்ச்சும் ஜன்னல் வெச்ச மெல்லிசு சுவரும்தான், தூணுக்குப் பின்னாடி நாலு முட்டுச் சுவர் மட்டும் கட்டி விட்டாங்க. ஆக ரெண்டு பக்கம் ஒரு மாதிரி, ரெண்டு பக்கம் வேற மாதிரி. அப்பவே ஆட்டம் ஆரம்பிச்சாச்சு.

அடுத்தது சாந்து, என் கணக்குல நிஜ வில்லன் இதுதான். தூணுங்க கல்லு, ஆனா ஆர்ச்சும் அதுக்கு மேல இருக்கறதெல்லாம் செங்கல். ரெண்டு செங்கல் வரிசைக்கு நடுவுல அவங்க வெச்ச கலவை செங்கல் தடிமனுக்கே இருக்கும், பல இடத்துல அதைவிட ஜாஸ்தி. பாதிக் கட்டடம் கலவைதான்னு சொன்னா தப்பில்லை. சுண்ணாம்போட செங்கலை இடிச்சுத் தூளாக்கிக் கலந்தது, நம்ம ஊர்ல சுர்க்கின்னு சொல்வோமே அதே சமாச்சாரம், 1895ல முடிஞ்ச முல்லைப் பெரியாறு அணையிலயும் சுண்ணாம்பு சுர்க்கிதான். வெறும் சுண்ணாம்பு காத்துல இருக்கற கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அதனால வெளிப்பக்கம்தான் சீக்கிரம் இறுகும், தடிமனான சுவத்தோட நடுப்பகுதி வருஷக்கணக்குல பச்சையாவே கிடக்கும். செங்கல் தூள் சேர்த்தா அதுல இருக்கற சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடயும் தண்ணியோடயும் சேர்ந்து உள்ளயும் பிடிச்சுக்கும், வலுவும் கூடும், ஆனா இன்னிக்கு சிமெண்ட் மாதிரி மூணு வாரத்துல ஆகாது, மாசக்கணக்கு ஆகும். ராஜா விரட்டின விரட்டுல அந்த மாசங்க கிடைக்கல. கலவை பிடிக்கறதுக்குள்ள மேல மேல எடை ஏறிட்டே இருந்துச்சு, அதனால கட்டும்போதே ஆர்ச் கால்கள் வெளிப்பக்கமா சாய ஆரம்பிச்சுடுச்சு.

இது ஊகம் இல்லை, புரோகோப்பியஸே மறைமுகமா ஒத்துக்கறாரு. கிழக்கு ஆர்ச் கட்டி முடியறதுக்கு முன்னாடியே அதுக்குக் கீழ இருந்த தூணுங்க தாங்காம விரிசல் விடப் பார்த்துச்சாம், ரெண்டு பேரும் பதறி ராஜாகிட்ட ஓடினாங்களாம், ராஜா உடனே ‘வளைவை முடிச்சுடுங்க, அது தன் மேலயே நின்னுட்டா கீழ முட்டு வேண்டியதில்ல’ன்னு சொல்ல எல்லாம் சரியாச்சாம். இன்னொரு தடவை வடக்கு தெக்கு ஆர்ச்சுக்குக் கீழ இருந்த தூண்லேருந்து சில்லு சில்லா கல் தெறிக்குது, மேல் பகுதியைப் பிரிச்சு வெச்சுட்டு, ஈரம் காஞ்சதும் திரும்பக் கட்டுங்கன்னு அதுக்கும் ராஜாதான் ஐடியா குடுத்தாராம். ஜால்ரா சத்தம் காதைப் பொளக்குது, இதே புரோகோப்பியஸ் ரகசியமா எழுதி வெச்ச இன்னொரு புத்தகத்துல ஜஸ்டினியனை மனுஷ உருவத்துல வந்த பேய்னு திட்டியிருக்காரு. ஆனா ஜால்ராவைத் தட்டி எடுத்துட்டுப் பார்த்தா உள்ள இருக்கற தகவல் பக்கா, கட்டும்போதே கல் தெறிச்சிருக்கு, ஈரம் காயல. ராஜா சொன்னதும் பாதிதான் சரி. ஆர்ச் மூடிட்டா தன்னைத்தானே தாங்கிக்கும், உண்மை, ஆனா காலை வெளிய உதைக்கறதை அது நிறுத்தாது.

அது மேல முதல் கும்மட்டத்தை வெச்சாங்க, அது சப்பை. ஏணி ஞாபகம் இருக்கா? படுக்கையா சாச்ச ஏணி, அதுவும் ஏற்கனவே வெளிப்பக்கமா சாஞ்ச கால் மேல. உள்ள நின்னு பார்த்தவங்களுக்கு ஒரே மயக்கம், ஏன்னா அடியில வரிசையா ஜன்னல், அது வழியா வெளிச்சம் அடிக்கும்போது கும்மட்டம் எது மேலயும் உக்காராம, வானத்துலேருந்து தங்கச் சங்கிலில தொங்கவிட்ட மாதிரி இருக்குன்னு புரோகோப்பியஸ் எழுதினாரு.

553ல ஒரு நிலநடுக்கம், 557 டிசம்பர்ல பெருசா இன்னொண்ணு. விரிசல் விட்டதை சரி பண்ணிட்டு இருக்கும்போதே 558 மே 7ம் தேதி கிழக்கு ஆர்ச்சும், கிழக்கு அரைக் கும்மட்டமும், பெரிய கும்மட்டத்துல ஒரு பகுதியும் சேர்ந்து சரிஞ்சு பலிபீடத்து மேலயே விழுந்துச்சு.

ஜஸ்டினியனுக்கு அப்ப எழுபத்தஞ்சு வயசுக்கு மேல. இந்த நடுவுல பிளேக் வந்து ஊரைக் காலி பண்ணியிருக்கு, ராஜாவுக்கே வந்து பிழைச்சாரு, மனைவி தியோடோரா 548லயே போயாச்சு, கஜானாவும் முன்ன மாதிரி இல்லை. இருந்தும் விடல, இசிடோரோட சொந்தக்காரப் பையன், அவன் பேரும் இசிடோர்தான், அவனைக் கூப்பிட்டாரு. இந்தச் சின்ன இசிடோர் பண்ணின ரெண்டு வேலைதான் இன்னிக்கு வரைக்கும் கட்டடத்தைக் காப்பாத்துது. வடக்கு தெக்கு ஆர்ச்சை உள்பக்கமா தடிப்பாக்கி, கோணிப்போன அடியை முடிஞ்சவரை திரும்ப சதுரத்துக்குக் கொண்டு வந்தது ஒண்ணு. கும்மட்டத்தை முன்னதைவிட சுமார் 6 மீட்டர் உசத்தி, கிட்டத்தட்ட அரைக்கோளமாவே கட்டினது இன்னொண்ணு. ஏணியை நிமித்தி சாச்சுட்டான், அவ்வளவுதான்.

உசத்தினா உதை குறையும், ஆனா வேற ஒரு தலைவலி வரும். அரைக்கோளத்துல உச்சிலேருந்து சுமார் 52 டிகிரி வரைக்கும் செங்கல் ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு இருக்கும், அதுக்குக் கீழ வட்டம் விரியப் பார்க்கும், பானையோட வாயைப் பிடிச்சு நாலா பக்கமும் இழுத்த மாதிரி. நெருக்கினா செங்கலுக்குக் கவலையே இல்லை, இழுத்தா விட்டுடும், மேலேருந்து கீழ விரிசல் ஓடும். இங்கதான் அந்த ஜன்னலோட சூட்சுமம். 40 விலா எலும்பு மாதிரி செங்கல் பட்டை உச்சிலேருந்து இறங்குது, அதுக்கு நடுவுல 40 ஜன்னல், விரிசல் விழ வாய்ப்பிருக்கற இடத்துலதான் ஏற்கனவே ஓட்டை போட்டு வெச்சாச்சே, அப்புறம் எங்க விரிசல் விடும்? வெளிப்பக்கம் ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல குட்டிக் குட்டி முட்டு வேற. அழகுக்கு வெச்ச மாதிரி தெரியற ஜன்னல் வரிசை கட்டுமானத்துக்கும் உதவுது.

562 டிசம்பர்ல திரும்பத் திறந்தாங்க. புதுசைப் பார்த்துட்டு அகத்தியாஸ் எழுதினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, முன்ன மாதிரி பார்க்கறவங்களை மலைக்க வைக்கல, ஆனா பழசைவிட உறுதியா உக்காந்திருக்குங்கறாரு. மூணு வருஷம் கழிச்சு 565ல ஜஸ்டினியன் செத்துட்டாரு.

அதுக்கப்புறமும் சும்மா இருந்ததில்லை. 989 நிலநடுக்கத்துல மேற்குப் பக்கம் விழுந்து திர்தாத்ங்கற ஆர்மீனியாக்காரர் கட்டிக் குடுத்தாரு, 1346ல கிழக்குப் பக்கம் மறுபடி விழுந்துச்சு. இன்னிக்கு நீங்க அண்ணாந்து பார்க்கற கும்மட்டம் ஒரே கும்மட்டம் இல்லை, வடக்கும் தெக்கும் சின்ன இசிடோரோடது, மத்த ரெண்டு பக்கம் மத்த ரெண்டு காலத்தோடது, அதனால வட்டமும் சுத்த வட்டம் இல்லை, லேசா கோணல். துருக்கியர் காலத்துல சினான்ங்கற கட்டடக் கலைஞர் வந்து வெளிய முட்டுச் சுவரை இன்னும் பலப்படுத்தினாரு. 1847ல ஃபொஸ்ஸாட்டி சகோதரர்கள்னு சுவிட்சர்லாந்துக்காரங்க ரெண்டு பேர் ரிப்பேருக்கு வந்து, கும்மட்டத்தோட அடி விரியாம இருக்க சுத்தி ஒரு சங்கிலி போட்டு இறுக்கினாங்க. தங்கம் இல்லை, இரும்பு.