காணோம் என்ற சொல்

பாம்பனில் ஒரு மூதாட்டி. கணவர் நாட்டுப்படகில் போய்க் கரை திரும்பாமல் பல வருடமாகிறது. அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த பழைய செய்தித்தாள் துண்டை வாசித்துக் காட்டினேன். "பாம்பன் மீனவர் மாயம்" என்று தலைப்பு. அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்த தாளில் என்ன போட்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. "மாயமா? நாங்க காணலைன்னுல்ல தம்பி எழுதிக் குடுத்தோம்" என்றார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தரம் நான் "காணவில்லை" என்று மாற்றி வாசித்தேன்.

அந்தத் திண்ணையிலிருந்து தொடங்கியது இந்தச் சொல் விசாரணை. கடலில் போன மீனவரைப் பற்றி மட்டும் இல்லை. படிக்க வெளிநாடு போன பிள்ளையோ, நம் ஊருக்கு ஆராய்ச்சிக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளையோ திடீரென்று கண்ணில் படாமல் போனால், ஆங்கிலச் செய்தியில் வரும் 'மிஸ்ஸிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இப்போது கைக்கு வரும் முதல் சொல் 'மாயம்'. மாணவர் மாயம், மாணவி மாயம், நகை மாயம், கோயில் சிலை மாயம். மூன்று எழுத்தில் தலைப்பு முடிந்துவிடுகிறது என்பது பத்திரிகைக்காரருக்கு வசதி. அந்த வசதிக்காக எதை இழக்கிறோம் என்பதுதான் என் கவலை.

'மாயம்' வடமொழி 'மாயா'வின் வழி வந்தது என்பார் உண்டு. 'மாய்' என்ற வினையடியில் பிறந்தது என்பார் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் கிடைக்கும் பொருள்கள் இவை: வஞ்சனை, பொய்த்தோற்றம், மறைவு, அழிவு. திருக்குறளின் 918ஆம் குறளில் வரும் "மாய மகளிர்" வஞ்சம் பொருந்திய மகளிர். 'மாய்தல்' என்றால் அழிதல், இறத்தல். "உயிரை மாய்த்துக்கொண்டார்" என்று இன்றும் எழுதுகிறோம். ஆக, ஒரு பெண்பிள்ளையைக் காணவில்லை என்று பெற்றோர் காவல் நிலையத்தில் நிற்கும்போது, நாம் போடும் தலைப்பில் பாதி மந்திரவாதமும் பாதி மரணமும் கலந்திருக்கின்றன. வஞ்சனைப் பொருளும் விடாமல் கூடவே வருகிறது. "மாணவி மாயம்" என்று வாசித்தவர் அடுத்த நிமிடம் "யார்கூட?" என்று கேட்பதை எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நானே கேட்டிருக்கிறேன். தேட வேண்டிய நேரத்தில் ஊர் அவள் நடத்தையைப் பேசிக்கொண்டிருக்கிறது. சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

காவல் நிலையப் பேச்சில் "மேன் மிஸ்ஸிங்", "கேர்ள் மிஸ்ஸிங்" என்பவை வழக்கின் பெயராகவே நிலைத்துவிட்டன. "மேன் மிஸ்ஸிங் போட்டாச்சா?" என்று கடற்கரைக் கிராமத்துப் பெரியவர்களும் கேட்கிறார்கள். அந்த ஆங்கில வினையின் பழைய பொருள் குறி தப்புதல், எறிந்தது இலக்கில் படாமல் போதல். தமிழில் அதற்கு நேரானது 'தவறு'. ஆனால் தமிழ் அந்தச் சொல்லை வேறு திசையில் கொண்டுபோய்விட்டது. "அவர் தவறிட்டாக" என்றால் இறந்துவிட்டார். 'தொலைந்தார்' என்பதிலும் சிக்கல் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தொலைந்தது என்போம், அது பொருந்துகிறது. வளர்ந்தவருக்குச் சொன்னால் "தொலைஞ்சு போ" என்ற வசவு பக்கத்திலேயே வந்து நிற்கும். பழைய தமிழில் 'தொலைதல்' தோற்பதையும் அழிவதையும் குறித்த சொல்.

மிஞ்சுவது 'காண்'.

"அவனைக் காணோம்" என்கிறோமே, அந்தக் 'காணோம்' எப்படி உண்டானது? காணேன், காணாய், காணான், காணாள், காணார் என்று போகும் பழைய எதிர்மறை வினைமுற்று வரிசையில் தன்மைப் பன்மை வடிவம் அது. காண் என்ற வினையோடு ஓம் என்ற விகுதி சேர்ந்தது. பொருள்: நாங்கள் காணவில்லை. இன்று தனி ஆளும் "என் பேனாவைக் காணோம்" என்று சொல்லுமளவுக்கு அது இறுகிய வடிவமாகிவிட்டது. இருந்தாலும் உள்ளே இருக்கும் 'ஓம்' போகவில்லை. வாக்கியத்தின் அமைப்பையும் பாருங்கள்: அவன்-ஐ. காணாமற்போனவர் செயப்படுபொருள். எழுவாய் வெளியே தெரியாமல் நிற்கிறது. அந்த எழுவாய் நாம்தான், தேடுகிறவர்கள்.

'காணாமல் போனார்' இன்னும் விந்தையானது. "சொல்லாமல் போனார்" என்றால் சொல்லாதவரும் போனவரும் ஒருவரே. "சாப்பிடாமல் போனார்" என்றாலும் அப்படித்தான். "காணாமல் போனார்" என்பதில் மட்டும் போனவர் ஒருவர், காணாதவர்கள் வேறு. அவர் எதையும் பார்க்காமல் போனார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. ஒரே தொடருக்குள் போனவரையும் கரையில் நிற்பவர்களையும் தமிழ் சேர்த்துக் கட்டியிருக்கிறது. 'மாயம்' என்று போட்டால் கரையில் நிற்பவர்கள் அழிந்துபோகிறார்கள். திண்ணையில் அந்த அம்மா கேட்டது இதைத்தான் என்று பின்னால்தான் எனக்குப் பிடிபட்டது. எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். தலைப்பில் அவர்களுக்கு இடம் இல்லை.

இந்த வினையின் மிக உருக்கமான பயன்பாடு குறுந்தொகையின் 31ஆம் பாட்டில் இருக்கிறது. "மள்ளர் குழீஇய விழவி னானும், மகளிர் தழீஇய துணங்கை யானும், யாண்டும் காணேன் மாண்தக் கோனை." வீரர்கள் கூடிய விழாவிலும், பெண்கள் தழுவி ஆடும் கூத்திலும், எங்கும் காணேன். பாடியவர் ஆதிமந்தி. அவருடைய கணவர் ஆட்டனத்தியைப் புதுவெள்ளம் கொண்டுபோன கதையும், ஆதிமந்தி ஆற்றோடு தேடிக்கொண்டே போன கதையும் அகநானூற்றில் பேசப்படுகின்றன. சிலப்பதிகாரத்தில் கண்ணகி சொல்லும்போது, "கடல்வந்து முன்னிறுத்திக் காட்ட" அவனைத் தழுவிக்கொண்டாள் என்று முடிகிறது. 'காட்டு' என்பது 'காண்' என்பதன் பிறவினை. காணேன் என்று அரற்றியவளுக்குக் கடல் காட்டியது. எங்கள் கடல் எல்லாருக்கும் காட்டுவதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் புயல் கொண்டுபோனவர்களில் பலரை அது கடைசிவரை காட்டவே இல்லை.

இனி ஆராய்ச்சிக்காரர் பக்கம் வருவோம். ஆங்கிலச் செய்தி இவர்களுக்குப் போடும் 'ஸ்காலர்' என்ற சொல்லுக்கு அகராதி 'அறிஞர்' என்று கொடுக்கும். இருபத்தாறு வயதுப் பிள்ளையை அறிஞர் என்று தமிழில் யாரும் சொல்வதில்லை; அது முதிர்ந்தவருக்குரிய பட்டம். 'ஆய்வாளர்' என்றால் வேறு குழப்பம்: தமிழ்நாட்டில் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும் ஆய்வாளர்தான். "ஆய்வாளரைக் காணவில்லை" என்ற தலைப்பை எங்கள் மாவட்டத்தில் பத்துப் பேரிடம் கொடுத்தால் பலர் காக்கிச் சட்டையைத்தான் நினைப்பார்கள். 'ஆய்வு மாணவர்', 'ஆய்வு மாணவி' என்பவை தெளிவானவை. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து சில காலம் தங்கி வேலை செய்ய வந்தவர் என்றால் 'வருகை ஆய்வாளர்'. அங்கே 'வருகை' என்ற சொல் காக்கிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் இப்படிப்பட்டவர்கள் புதியவர்கள் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் கொச்சிக்குப் போகும் வரை அங்கேதான் இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்தையும் பாசியையும் பார்க்க வருகிறவர்களை எங்கள் ஊர்ப் பெண்கள் "ஆராய்ச்சிக்கு வந்த புள்ள" என்பார்கள். எனக்கு அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு தோன்றவில்லை. அந்தப் 'புள்ள' என்ற சொல்லில் வந்தவருக்கு ஒரு வீடு கிடைத்துவிடுகிறது.

2017 ஜூன் 9. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சில வாரங்களுக்கு முன் வந்து சேர்ந்திருந்த சீன நாட்டு வருகை ஆய்வாளர், 26 வயதுப் பெண், வாடகை வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கிளம்பினார். பேருந்து தப்பிவிட்டது. நிறுத்தத்தில் நின்றவர் ஒரு கறுப்புக் காரில் ஏறுவது கண்காணிப்புக் கேமராவில் பதிந்தது. அதன் பிறகு அவரைக் காணவில்லை. பெற்றோர் சீனாவிலிருந்து போய் அங்கேயே தங்கித் தேடினார்கள். அந்தப் பெற்றோரின் மொழியில் இதற்குச் சொல் 'ஷிசோங்': சுவடு இழத்தல். தரையில் கால்தடம் முடிந்துபோகும் இடத்தைச் சீனமொழி பார்க்கிறது. தேடிக் களைத்த கண்ணைத் தமிழ் பார்க்கிறது. ஜூன் 30இல் ஒருவன் கைதானான். 2019இல் கடத்தலும் கொலையும் உறுதியாகி அவனுக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் உடல் கிடைக்கவே இல்லை.

இதில் சொற்கள் எப்படி மாற வேண்டும் என்று பாருங்கள். முதல் நாட்களில் 'காணவில்லை' சரி. கேமராப் பதிவு கிடைத்ததும் 'கடத்தப்பட்டதாகக் கருதப்படுகிறார்'. தீர்ப்புக்குப் பிறகு 'கொல்லப்பட்டார்'. தீர்ப்பு வந்த பின்னும் 'காணாமல் போன மாணவி' என்றே எழுதிக்கொண்டிருந்தால் அது குற்றவாளியை வாக்கியத்திலிருந்து தப்பவிடுவதாகும். 'மாயம்' என்பதோ முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை எந்த இடத்திலும் பொருந்தாது. அவர் மாயமாகவே இல்லை. ஒருவன் அவரைக் கொண்டுபோனான்.

இந்த வேறுபாட்டை எங்கள் எதிர்க்கரைத் தமிழர்கள் நமக்கு முன்பே, நம்மைவிடக் கடுமையான விலை கொடுத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மண்டபம் அகதிகள் முகாமில் வாழும் ஈழத்துக் குடும்பங்களிடம் பேசினால் "காணேல்லை" என்று சொல்வதைக் கேட்கலாம். யார் கூட்டிப்போனார்கள் என்பது தெரிந்த இடத்தில் அவர்கள் வினையை மாற்றிவிடுகிறார்கள்: காணாமல் ஆக்கப்பட்டார். போனார் என்பது தன்வினை. ஆக்கப்பட்டார் என்றதும் ஆக்கியவர் யார் என்ற கேள்வி தானாக எழுகிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் உட்கார்ந்த தாய்மார்களின் போராட்டத்தில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற தொடர் பதாகைகளில் நின்றது. இப்படி ஆக்கப்படுவதற்கு எதிராக ஐ.நா. 2006இல் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அந்த உடன்படிக்கையில் இந்தியா 2007இல் கையெழுத்திட்டது. அதற்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்புறுதியை இன்னும் செய்யவில்லை. இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. ஒன்றை மறக்கக் கூடாது: 'வலிந்து காணாமல் ஆக்கப்படுதல்' என்பது அரசின் ஆட்கள், அல்லது அரசின் துணையோ இசைவோ பெற்றவர்கள் ஒருவரைப் பிடித்துக்கொண்டுபோய், பிடித்ததையே மறுப்பதைக் குறிக்கும் சட்டச் சொல். இல்லினாயில் நடந்ததற்கு இதைப் பயன்படுத்தினால் சொல் நீர்த்துவிடும். அந்தத் தாய்மார்களின் சொல்லை நாம் அளந்துதான் எடுக்க வேண்டும்.

வினையின் காலமும் கவனிக்க வேண்டியது. காணவில்லை என்ற செய்தி வந்த மறுநாளே "நல்ல பொண்ணா இருந்துச்சு" என்று இறந்தகாலத்தில் பேசுகிறவர்கள் உண்டு. வாய் தவறி வருவதுதான். பெற்ற தாய் பக்கத்தில் நிற்கும்போது அது வரக் கூடாது. சட்டம்கூட ஏழு ஆண்டுகள் பொறுக்கிறது. ஒருவரைப் பற்றி, இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால்தான், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை அப்படிச் சொல்பவர் நிரூபிக்க வேண்டும் என்கிறது. அங்கேயும் சட்டம் கரையில் நிற்பவர்களைத்தான் கேட்கிறது: உங்கள் காதுக்கு ஏதாவது வந்ததா?

எழுத்து முறை பற்றி இரண்டு வரி. காணாமற்போனவர், காணாமல் போனவர் இரண்டும் சரி. தலைப்புக்கு இடம் போதவில்லை என்றால் 'காணவில்லை' போதும். 'மாயம்' என்பதைவிடச் சில எழுத்துகள்தான் கூடுதல்.

இப்படி ஒரு செய்தி எங்கள் கரையில் எழுத நேர்ந்தால், நேரவே கூடாது, நான் இப்படி எழுதுவேன்: "மண்டபத்தில் கடற்பாசி ஆய்வுக்காகத் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஆய்வு மாணவியை நேற்று மாலை முதல் காணவில்லை. நீலச் சட்டை அணிந்திருந்தார். தோளில் சாம்பல் நிறப் பை. கடைசியாக மாலை ஐந்து மணிக்கு வடக்குக் கடற்கரையில் பார்த்திருக்கிறார்கள்." 'தங்கியிருந்த' என்று எழுத மாட்டேன், 'தங்கியிருக்கும்'. பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு கரையேறும் பெண் ஒருத்திக்கு இதை யாராவது வாசித்துக் காட்டினால், அவள் நின்று யோசிப்பாள்: நீலச் சட்டை, சாம்பல் பை, ஐந்து மணிக்கு அப்புறம் பாலத்துப் பக்கம் போன அந்தப் புள்ளையா?