சுவரும் சேர்ந்து வாசிக்கும் சிம்பொனி

வியன்னாவின் மூசிக்ஃபெரைன் அரங்கில் 1877 டிசம்பர் 30 அன்று, ஹான்ஸ் ரிக்டர் நடத்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் இரண்டாம் சிம்பொனி முதன்முதலாக ஒலித்தது. அரங்குகளில் மைக், ஒலிபெருக்கி எதுவும் இல்லாத காலம். இன்றும் அங்கே சிம்பொனிக்கு அவை தேவைப்படுவதில்லை. பெரிய தந்தி வாத்தியங்களான செல்லோவும் டபுள் பாஸும் தாழ்வாக மூன்று சுரங்களைத் தொடங்கிவைக்க, ஹார்ன் என்னும் ஊதுகருவிகள் மேலே எழும்பி வரும். மண்டபத்தின் பின்கோடியில் டிக்கெட் வாங்கி நிற்பவருக்கும் அது கேட்கிறது.

காரணம், மண்டபத்தின் வடிவம். ஏறத்தாழ 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம் கொண்ட ஒரு நீளப் பெட்டி அது. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நடுவில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேடை நடுவிலிருந்து வரும் வயலின் ஒலி நேராக 20 மீட்டர் கடக்கிறது. பக்கச் சுவரில் பட்டு வருவது சுமார் 27.5 மீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும் என்றால், தாமதம் வெறும் 22 மில்லிநொடி. இவ்வளவு குறுகிய இடைவெளியில் வருவதை மூளை தனி எதிரொலியாகப் பிரிப்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. இசை வலுவாகிறது, இருபுறமும் விரிகிறது. விசிறி வடிவில் அகன்ற அரங்குகளில் நடுவில் இருப்பவருக்கு இது சரியாகக் கிடைப்பதில்லை.

இதில் இன்னொரு அழகு உண்டு. ட்ராம்போனை உரக்க ஊதினால் ஒலி பெரிதாவதோடு, உயர் அதிர்வெண்களும் கூடுதலாகச் சேரும். பக்கவாட்டில் வரும் உயர் அதிர்வெண்களை நம் காது இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆகவே இத்தகைய மண்டபம், மெல்லத் தொடங்கி முழங்கும் ஏற்றத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் விளக்கினார்கள். பிராம்ஸ் காலத்து, 19-ஆம் நூற்றாண்டின் ரொமான்டிக் பாணி இசைக்கு அந்த ஏற்றம்தானே உயிர்!

தங்கப் பூச்சும் மரமும்தான் இந்த ஒலிக்குக் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கனமான செங்கல் சுவரும் சாந்துப் பூச்சும்தான் தாழ்ந்த சுரங்களைக் காப்பாற்றுகின்றன. மெல்லிய மரப்பலகையாக இருந்தால் அதிர்ந்து அவற்றை விழுங்கிவிடும். சுவரோரச் சிலைகள் ஒலியைச் சிதறடித்துப் பரப்புகின்றன.

அப்புறம், எதிர்முழக்கம், அதாவது வாசிப்பு நின்ற பிறகும் மண்டபத்தில் நீடிக்கும் ஒலி. ஹார்வர்டு இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895-இல் தொடங்கி, இரவுகளில் ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்தி, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தை அளந்தார். பக்கத்து அரங்கிலிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்க அடுக்க நேரம் குறைந்தது. அறை பெரிதானால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் சுருங்கும் என்ற அவருடைய விதியை வைத்துத்தான் 1900-இல் பாஸ்டன் சிம்பொனி ஹால் எழுந்தது.

அரங்கில் மிக அதிகமாக ஒலியை உறிஞ்சுவது, உட்கார்ந்திருக்கும் நாம்தான். மூசிக்ஃபெரைன் காலியாக இருக்கும்போது முழக்கம் சுமார் 3 நொடி. ஆள் நிறைந்தால் 2 நொடி. பேச்சுக்கு அது அதிகம், சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பிராம்ஸின் அடர்ந்த இசைக்கோ கச்சிதம். காலி மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும் நடத்துநர் இந்த ஒரு நொடி வித்தியாசத்தைக் கணக்கில் வைத்தே வேகத்தையும் இடைநிறுத்தங்களையும் முடிவு செய்ய வேண்டும். காலையில் குழம்பிக் கேட்ட வேகமான பகுதி, மாலையில் கூட்டம் வந்ததும் தெளிந்துவிடும்.